வைப்பர் தீவில் முடிந்த வாழ்வு

அந்தமான் என்றதும் 1906-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறையே நம் நினைவுக்கு வருகிறது. அச்சிறை எழுவதற்கு முப்பத்துநான்கு ஆண்டுகளுக்கு முன்பே, அத்தீவில் கைதியாயிருந்த ஒரு பட்டாணியர் ஆங்கில ஆட்சியை அதிரச் செய்தார். அவர் பெயர் ஷேர் அலி.

ஆப்கானிஸ்தானத்தின் எல்லையை ஒட்டிய தீரா மலைநாட்டில், அப்ரீதி குலத்தில் பிறந்தவர் அவர். அயலாட்சிக்கு எளிதில் பணியாத குலம் அது. ஆயினும் ஷேர் அலி ஆங்கிலேயரிடமே ஊழியம் புரிந்தார்; பஞ்சாப் குதிரைக் காவற்படையில் பணியாற்றினார். குலப்பகை காரணமாக உறவினர் ஒருவரைக் கொன்றார் என்று 1867-இல் பெஷாவரில் அவருக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் அது ஆயுட்காலத் தீவாந்தர சிட்சையாகக் குறைக்கப்பட்டது. மரபுப் பகையைத் தீர்ப்பது அவர் கண்ணில் குற்றமன்று. சட்டமோ அதனைக் கொலை என்றது. உயர்பதவியில் உள்ள வெள்ளையர் ஒருவரைக் கொன்று பழிதீர்ப்பதென அன்றே உறுதி பூண்டதாகப் பின்னாளில் அவரே கூறினார்.

1858-இல் நிறுவப்பட்ட போர்ட் பிளேர் கைதிக் குடியேற்றத்தில் அவர் அமைதியாகவே நடந்துகொண்டார். அதனால் முடிதிருத்தும் வேலை அவருக்குக் கிடைத்தது. 1872 பிப்ரவரி 8-ஆம் நாள், குடியேற்றத்தைப் பார்வையிட வைசிராய் மேயோ பிரபு வந்தார். ஹாரியட் மலைமீது கதிரவன் மறைவைக் கண்டு, இருள் சூழ்ந்தபின் தீவட்டி வெளிச்சத்தில் ஹோப் டவுன் படகுத்துறைக்கு இறங்கினார். காவலரை மீறிப் பாய்ந்த ஷேர் அலி அவர் முதுகில் கத்தியால் குத்தினார். சிறிது நேரத்தில் வைசிராய் உயிர் நீத்தார். பதவியில் இருக்கையில் கொலையுண்ட வைசிராய் அவர் ஒருவரே.

முந்திய ஆண்டில்தான் கல்கத்தாவில் நீதிபதி நார்மன் கொல்லப்பட்டிருந்தார். ஆகவே ஆட்சியாளர் பெருஞ்சதி ஒன்றை ஐயுற்றனர்; அது மெய்ப்பிக்கப்படவில்லை. தமக்குத் துணைவர் எவருமில்லை, இறைவன் கட்டளையே காரணம் என்றார் ஷேர் அலி. அவ்வாண்டு மார்ச் 11-இல் வைப்பர் தீவில் தூக்கிலிடப்பட்டார்.

அவரை விடுதலை வீரர் என்பாரும் உளர். வெறுங்கொலைஞர் என்பாரும் உளர். அவர் படை திரட்டியவரல்லர். நாட்டு விடுதலையைத் தம் நோக்கமாகச் சொன்னவரும் அல்லர். சொல்லாத நோக்கத்தை அவர்மேல் ஏற்றுதல் வரலாறாகாது. எனினும், மலைநாட்டு மனிதர் ஒருவரைக் கடல்கடந்து சிறைவைத்த பேரரசு அவர் நெஞ்சை அறியவில்லை என்பது உண்மை.

ஹாரியட் மலை 2021-இல் மணிப்பூர் மலையாயிற்று. போர்ட் பிளேர் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. வைப்பர் தீவின் தூக்குமேடைக் கட்டடம் இன்றும் நிற்கிறது. தீவுகளில் வாழும் தமிழன்பர்கள் அங்கே செல்லும்போது, இவ்வரலாற்றை முழுமையாகவே தம் மக்களுக்குச் சொல்வார்களாக.