எலியின் கட்டி சொன்ன செய்தி

1953ஆம் ஆண்டு. ஐக்கிய அமெரிக்காவின் மேயின் மாநிலத்திலே, பார் ஹார்பர் என்னும் கடலோரச் சிற்றூரில் அமைந்த ஜாக்சன் ஆய்வுகூடத்தில், லீறோய் ஸ்டீவன்ஸ் என்னும் விஞ்ஞானி எலிகளைக் கொண்டு சிகரெட்டின் தீமையை ஆராய்ந்துகொண்டிருந்தார். தீங்கு புகையிலையில் உள்ளதா, அதனைச் சுற்றிய தாளில் உள்ளதா என்பதே அவர்முன் வைக்கப்பட்ட வினா. அவ்வேளையில், 129 என எண்ணிட்டு வழங்கும் இனத்து எலியொன்றின் விதைப்பை வீங்கியிருக்கக் கண்டார். அறுத்துப் பார்த்தபோது, உள்ளிருந்த கட்டியிலே பலவகை இழையங்கள் ஒழுங்கின்றிக் கலந்து கிடந்தன.

எறிந்துவிடத்தக்க பொருளே அது. ஆயினும் ஸ்டீவன்ஸ் எறியவில்லை. அவ்வினத்து ஆண் எலிகளில் நூற்றுக்கு ஒன்றளவில் இக்கட்டி தோன்றுவதை அறிந்து, தலைமுறை தலைமுறையாக அவற்றை வளர்த்து அதன் பிறப்பிடத்தைத் தேடினார். பின்னாளில் விந்தணுக்களைத் தரவேண்டிய இனப்பெருக்க மூலக் கலங்களே, கருவிலிருக்கும்போது வழிதவறிக் கட்டியாகின்றன என்று 1967இல் காட்டினார். இக்கட்டி மிகுதியாகத் தோன்றும் ‘டெர்’ என்னும் கிளையினத்தை 1973இல் அறிவித்தார்.

அக்கலங்களை வழிதவறச் செய்தது யாது? விடை கிடைக்க மேலும் 32 ஆண்டுகள் சென்றன. ‘டெட் எண்ட்’ என்னும் பரம்பரையலகு ‘டெர்’ எலிகளிற் பழுதுற்றிருத்தலை 2005இல் வேறு ஆய்வாளர் கண்டனர்.

பரம்பரையலகு மூலவோலை எனின், ஆர்.என்.ஏ. அதன் படி, அப்படியின் வண்ணமே புரதம் ஆக்கப்படுகின்றது. ஆனால், எழுதிய படிகள் யாவும் நிறைவேற்றப்படுவதில்லை. எதனைக் காப்பது, எதனைக் கிழிப்பது என்று தீர்க்கும் காவலன் ஒருவன் வேண்டும். ஆர்.என்.ஏ.யைப் பற்றிக்கொள்ளும் ‘டெட் எண்ட்’ புரதம் அத்தகைய காவலனே. அது சில படிகளை அடக்குமுறையினின்று காக்கின்றது என்று 2007இலும், வேறு சிலவற்றை அழிப்பிக்கின்றது என்று 2017இலும் தெரியவந்தது. இக்காவலன் இல்லாதவிடத்து மூலக் கலங்களுட் பெரும்பாலானவை மடிகின்றன. எஞ்சியவற்றுட் சில, இளம் முளையத்தின் கலங்களைப் போல எதுவாகவும் மாறும் இயல்பு பெற்றுக் கட்டியாகின்றன.

இத்தகைய கட்டிகளின் கலங்களை ஆராய்ந்து பெற்ற அனுபவமே, 1981இல் எலி முளையத்திலிருந்து குருத்துக் கலங்களைப் பிரித்தெடுப்பதற்கும் வழிகாட்டியது.

கேட்கப்பட்ட வினா சிகரெட்டுத் தாளைப் பற்றியது. கிடைத்த விடையோ, சந்ததியைச் சுமக்கும் கலம் தன் நெறியில் எவ்வாறு நிற்கின்றது என்பதைப் பற்றியது. நூற்றில் ஒன்றாகத் தோன்றிய பிழையை ஒதுக்காத பொறுமையே இரண்டிற்கும் இடையில் பாலமாயிற்று.