கணினி பாகங்களைத் தேர்ந்து பொருத்துதல் (வடசென்னை)

வீட்டில் கணினி பொருத்துதல் என்பது, ஒரே நிறுவனம் முழுமையாக்கி விற்கும் கணினியை வாங்காமல், தாய்ப்பலகை, செயலி, நினைவகம், வன்தட்டு, மின்வழங்கி முதலிய பாகங்களைத் தனித்தனியே வாங்கிப் பயனரே இணைத்துக்கொள்வதாகும். பேச்சுவழக்கில் இது 'அசெம்பிள் செய்வது' எனப்படும். சென்னையில் இதற்கான சந்தை, அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவும் அதனருகிலுள்ள நரசிங்கபுரம் தெருவும் ஆகும். மகாகவி பாரதி நகர் எனும் பெயரின் சுருக்கமான எம்.கே.பி. நகரில் வாழ்வோர், வியாசர்பாடி ஜீவா நிலையத்தில் மின்தொடர் வண்டி ஏறிச் சென்ட்ரலில் இறங்கினால், மீதித் தொலைவை நடந்தே கடக்கலாம். திரும்பும்போது கனமான பழைய கண்ணாடிக்குழாய்த் திரையைத் தூக்கி வர ஆட்டோதான் வேண்டியிருந்தது.

பாகங்களைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட தனிக்கணினியால் வந்தது. அந்நிறுவனம் வெளிச்சந்தையில் கிடைத்த பாகங்களையே பெரிதும் பயன்படுத்தியது. தொழில்நுட்பக் கையேட்டையும் வெளியிட்டது. இதனால் பிற நிறுவனங்களும் ஒத்தியங்கும் கணினிகளையும் பலகைகளையும் செய்தன. இந்தியாவில் 1984 நவம்பரில் வந்த கணினிக் கொள்கை இறக்குமதிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. 1997-இல் இந்தியா உலக வணிக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப உடன்பாட்டில் சேர்ந்தபின், கணினிகள் மற்றும் பாகங்கள் மீதான சுங்க வரி படிப்படியாகக் குறைந்து, 2005-க்குள் பெரும்பாலானவற்றுக்கு நீங்கியது. அதற்கு முன்பே வானொலி, ஒலிபெருக்கி உதிரிபாகங்களை விற்றுப் பழகியிருந்த ரிச்சி தெருவுக்குக் கணினி பாகங்கள் புதிய சரக்கு மட்டுமே, வணிகமுறை பழையதுதான்.

பொருத்தம் பார்த்தல்

நிறுவனக் கணினி பழுதானால் பதில் சொல்ல ஒரு நிறுவனம் உண்டு. பொருத்திய கணினியில் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி உத்தரவாதம் இருக்கலாம். அவை ஒன்றோடொன்று சேருமா என்பதற்கு வாங்கியவரே பொறுப்பு. விலை குறைவு என்பது இந்தப் பொறுப்பை ஏற்பதற்குக் கிடைத்த கழிவு எனலாம். பல மாதச் சேமிப்பைக் கொண்டுவரும் குடும்பத்துக்கு ஒரு பாகம் பொருந்தாமல் போவது சிறிய இழப்பன்று.

தொண்ணூறுகளின் நடுவில் இச்சிக்கல் குறைவு. சாக்கெட் 7 எனும் ஒரே வகைப் பொருத்துவாயில் இன்டெல் பென்டியம், ஏ.எம்.டி. கே6, சைரிக்ஸ் ஆகிய செயலிகள் பொருந்தின. ஆனாலும் பலகையின் மின்னழுத்த அமைப்பைச் சரிபார்க்க வேண்டும். 1997-இல் பென்டியம் 2 தனக்கெனப் புதிய பொருத்துவாயோடு வந்தது. அன்று முதல் செயலியைத் தீர்மானித்தபின் அதற்கேற்ற பலகையைத் தேடுவதும், பலகைக்கேற்ற நினைவகத்தைத் தேடுவதும் வழக்கமாயின. டி.டி.ஆர். நினைவக வகைகள் தலைமுறைக்குத் தலைமுறை மாறின. ஒவ்வொன்றிலும் வெட்டுப்பள்ளத்தின் இடம் வேறாக இருப்பதால், தவறான வகையை அழுத்தினால் பலகைதான் உடையும். இராயபுரம், எண்ணூர் போன்ற கடலோரப் பகுதிகளில் இன்னொரு தொல்லை உப்பு ஈரக்காற்று. கணினி இயங்க மறுத்தால் நினைவகத்தைக் கழற்றி, அதன் தொடுமுனைகளைப் பென்சில் அழிப்பானால் துடைத்து மீண்டும் செருகுவது பலரும் அறிந்த கைமருந்து. பள்ளிப் பையிலேயே இருக்கும் கருவி என்பது இதன் சிறப்பு.

அலட்சியம் செய்யப்பட்ட பாகம்

பெரும்பாலோர் செயலியின் வேகத்தைக் கேட்டார்கள், எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கியைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு. கேபினெட்டோடு சேர்ந்தே வருவதால் அதை ஒரு பாகமாகவே பலர் கருதவில்லை. உண்மையில் பிற பாகங்களைக் காப்பதும் கெடுப்பதும் அதுவே.

பழைய ஏ.டி. வகை மின்வழங்கியில் பலகைக்குச் செல்லும் இணைப்பிகள் இரண்டு. அவற்றைச் செருகும்போது கறுப்புக் கம்பிகள் நடுவில் அடுத்தடுத்து வரவேண்டும். இடம் மாறிச் செருகினால் பலகை கருகக்கூடும். அவ்வகையில் முன்பக்கப் பொத்தான் வரைக்கும் 230 வோல்ட் மின்சாரம் வந்தது. வீட்டிலேயே பொருத்த முனைந்தவர்களுக்கு இது உயிராபத்து. 1995-இல் இன்டெல் வகுத்த ஏ.டி.எக்ஸ். முறையில் ஒரே இணைப்பி, ஒரே திசையில் மட்டும் செருகும்படி அமைந்தது. பொத்தானும் குறைந்த மின்னழுத்தத்துக்கு மாறியது. வீட்டில் பொருத்துதல் பரவியதற்கு விலையைப் போலவே இந்த மாற்றமும் காரணம் எனலாம். ஆனால் உறையில் அச்சிட்ட வாட் அளவைத் தராத மலிவு மின்வழங்கிகள் தொடர்ந்து விற்கப்பட்டன.

மின்வெட்டு இதை மேலும் கடினமாக்கியது. 2012-இல் சென்னையில் நாள்தோறும் இரண்டு மணி நேர மின்தடை அறிவிக்கப்பட்டது. அனல் மின் நிலையங்களைத் தன்னகத்தே கொண்ட வடசென்னையும் விலக்கன்று. யு.பி.எஸ். சேர்க்காமல் போட்ட விலைப்பட்டியல் அரைகுறைப் பட்டியல் என்பது அப்போது தெளிவாயிற்று.

2011-க்குப் பின்

2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அரசு, அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவர் பலரின் வீட்டுக்கு முதல் கணினி அதன் வழியே வந்தது. அதே ஆண்டு இறுதியில் தாய்லாந்து வெள்ளத்தால் வன்தட்டு ஆலைகள் மூழ்க, உலகெங்கும் வன்தட்டு விலை ஏறியது. ரிச்சி தெரு பட்டியல்களும் உயர்ந்தன. அதன்பின் பாகங்களைத் தேர்ந்து பொருத்துவோர் பெரும்பாலும் விளையாட்டு, காணொளித் தொகுப்பு, வரைகலை ஆகியவற்றுக்காகக் கணினி தேடுவோராயினர்.

ஏ.டி.எக்ஸ். பலகையின் திருகுத் துளைகள் இருக்கும் இடம் இன்றும் மாறவில்லை. இருபது ஆண்டுப் பழைய கேபினெட்டில் புதிய பலகையை முடுக்கலாம். அதற்குள்ளிருக்கும் பழைய மின்வழங்கியை மட்டும் கழற்றிவிட வேண்டும்.