தாது வருடப் பஞ்சமும் தேயிலை மலையும்

மழை பொய்த்தால் பஞ்சம் வரும் என்பது நம் பாட்டிமார் சொல்லிவந்த செய்தி. மழை பொய்ப்பது எல்லார்க்கும் பொது. பட்டினிச் சாவு மட்டும் ஏன் சிலர்க்கே உரியதாயிற்று? விடை காண நாம் வரலாற்றைப் புரட்ட வேண்டும்.

1876-இல் சென்னை மாகாணத்தில் பருவமழை பொய்த்தது. பசிபிக் பெருங்கடலின் நீர்ப்பரப்பு மிகையாக வெப்பமுறும் எல் நினோ நிகழ்வே அதற்குப் பெருங்காரணம் என்பர் இன்றைய அறிவியலார். 1878 வரை நீடித்த அக்கொடுமையையே மக்கள் தாது வருடப் பஞ்சம் என்றனர். கோவை, சேலம் மாவட்டங்களும் தப்பவில்லை. பல இலட்சம் பேர் மாண்டனர். அப்போதும் நாட்டின் துறைமுகங்களிலிருந்து தானியம் கப்பலேறிற்று. விலை உயர, நிலமும் சேமிப்பும் அற்ற கூலி மக்களே முதலில் வீழ்ந்தனர். நிவாரண வேலை செய்யும் ஆடவர்க்கு 1877-இல் சர் ரிச்சர்டு டெம்பிள் வகுத்த நாட்கூலி, ஒரு இராத்தல் தானியத்தின் விலையும் ஓரணாவுமே. அது உடலைக் காக்கப் போதாதென மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் வாதாடினார்.

ஆக, வானம் தொடங்கிவைத்த பஞ்சத்தைச் சாவாக்கியது நிலமின்மையே. செங்கற்பட்டு ஆட்சியர் டிரெமன்ஹீர் 1891-இல் நம் மக்களின் நிலை குறித்து அறிக்கை எழுதினார். அதன் பயனாக 1892-இல் பஞ்சமி நிலங்களுக்கான ஆணை பிறந்தது. அந்நிலங்களுள் பெரும்பகுதி பின்னாளில் பிறர் கைக்குப் போயிற்று.

நிலமற்றோரைத் தோட்டங்கள் அழைத்தன. 19-ஆம் நூற்றாண்டின் இறுதி தொட்டு ஆனைமலைக் காடுகள் அழிக்கப்பட்டு, காப்பியும் பின்னர்த் தேயிலையும் நடப்பட்டன. கங்காணியின் முன்பணத்தை நம்பி மலையேறியவர்கள் கடனாளிகளாயினர். இங்கு மருத்துவராகப் பணியாற்றிய பி.எச். டேனியல் அத்துயரை 1969-இல் 'ரெட் டீ' என்னும் நாவலாக்கினார். 2007-இல் அது 'எரியும் பனிக்காடு' எனத் தமிழில் வந்தது.

வால்பாறையில் மழைக்குக் குறைவில்லை. ஆயினும் நாம் உண்ணும் அரிசி நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வரவேண்டும். கோடை நீண்டால் கொழுந்து குறைகிறது; அடைமழை கொட்டினால் மண் சரிந்து சாலை அடைபடுகிறது. புவி வெப்பமுறுவதால் வறட்சியும் பெருமழையும் கடுமையாகும் என அறிவியல் எச்சரிக்கிறது. கொழுந்து குறைந்தால் கூலி குறையும். கூலி குறைந்தால் உலை அடங்கும். அன்று போலவே இன்றும் வானிலையின் அடி ஏழையின் வயிற்றிலேதான் விழுகிறது.

எனினும் காலம் மாறியுள்ளது. 1982-இல் சத்துணவு, 2011-இல் விலையில்லா அரிசி, 2022-இல் பள்ளிக் காலையுணவு என அரசு எழுப்பிய அரண்கள் பட்டினியைத் தடுத்து நிற்கின்றன. ஆனால் ஓய்வு பெற்றதும் தோட்டத்து வீட்டை விட்டு இறங்கும் குடும்பத்திற்குக் காலூன்ற ஒரு சென்ட் நிலமேனும் உண்டா? உணவு நாட்டில் இருப்பது வேறு, அதைப் பெறும் வலிமை மனிதர்க்கு இருப்பது வேறு என 1981-இலேயே அமர்த்தியா சென் விளக்கினார்.

இளைஞர்களே! பாடநூலோடு நில்லாது நிலப் பதிவேட்டையும் கூலிச் சட்டத்தையும் வானிலை அறிக்கையையும் படிக்கப் பழகுங்கள். தாது வருடத்தில் நம் முன்னோர்க்கு இல்லாதிருந்த வலிமை அதுவே.