கொத்மலை இணைய வானொலி

கொத்மலை இணைய வானொலி என்பது ஒரே ஒரு மெல்லிய இணைய இணைப்பை மலைநாட்டுக் கிராமங்கள் பலவற்றுக்கு வானலை வழியே பகிர்ந்தளித்த திட்டம். கொத்மலை இலங்கையின் நுவரெலியா மாவட்டத்தில் உள்ளது. மகாவலி ஆற்றுத் திட்டத்தின் கீழ் இங்கே கட்டப்பட்ட அணை 1985இல் இயங்கத் தொடங்கியது. நீர்த்தேக்கத்துக்காகப் பல ஊர்கள் இடம்பெயர்ந்தன. அவ்வாறு இடம்பெயர்ந்த மக்களுக்காக இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் நடத்திய மகாவலி சமூக வானொலியின் தொடர்ச்சியாக, 1989இல் கொத்மலை நிலையம் பிறந்தது.

1990களின் இறுதியில் யுனெஸ்கோவின் ஆதரவோடு இந்நிலையத்துக்கு இணையம் வந்தது. இணைப்பின் வேகம் விநாடிக்கு 64 கிலோபிட். அந்த வேகத்தில் ஒரு மெகாபைட் கோப்பு இறங்க இரண்டு நிமிடத்துக்கு மேலாகும். ஒரு குறுந்தட்டு கொள்ளும் 700 மெகாபைட் இறங்க ஒரு நாள் போதாது. நாலு பேர் ஒரே நேரத்தில் உட்கார்ந்தால் நாலு பேருக்கும் இணையம் இன்னும் மெதுவாகிவிடும். இந்த நெருக்கடிக்கு நிலையம் கண்ட வழி, ஒருவர் தேடி எடுத்து எல்லோருக்கும் சொல்வது. கேட்போர் தங்கள் கேள்வியைக் கடிதத்திலோ தொலைபேசியிலோ அனுப்பினர். அறிவிப்பாளர் இணையத்தில் தேடி, கிடைத்ததை நிகழ்ச்சியில் உள்ளூர் மொழியில் விளக்கினார். நோய் பற்றிய கேள்வியென்றால் மருத்துவர் ஒருவரும் கூட இருந்து விளக்கியதுண்டு. ஒருமுறை இறங்கிய பக்கம் ஆயிரம் வீடுகளைச் சென்றடைய இணைப்பில் ஒரு பிட்கூடக் கூடுதலாகச் செலவாகவில்லை. கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் பொதுமக்கள் இணையத்தைப் பயன்படுத்த இடம் தரப்பட்டது. பின்னாளில் கணினி, அச்சுப்பொறி, ஒலிபெருக்கியோடு ஒரு முச்சக்கரவண்டியும் ஊர் ஊராகச் சென்றது.

இணைப்பு அகன்ற இடங்களில் சிக்கல் வேறு வடிவம் எடுத்தது. கோப்புப் பகிர்வு பெருகவே, சேவை வழங்குநர்கள் தரவுப் பொதிகளைப் பிரித்துப் பார்த்து அப்பகிர்வின் வேகத்தை மட்டும் குறைத்தனர். அமெரிக்காவின் கொம்காஸ்ட் நிறுவனம் பிட்டொரண்ட் என்னும் கோப்புப் பகிர்வு முறையின் இணைப்புகளை இடையில் அறுத்தது 2007இல் அம்பலமானது. அதை நிறுத்தும்படி மறு ஆண்டு அந்நாட்டுத் தொடர்பாடல் ஆணைக்குழு உத்தரவிட்டது, 2010இல் நீதிமன்றம் அவ்வுத்தரவை ரத்துச் செய்தது. பயனர்கள் இணைப்பின் துறை (போர்ட்) எண்ணை மாற்றினர், போக்குவரத்தை மறைகுறியாக்கினர், விபிஎன் வழியே அனுப்பினர். மறைகுறியாக்கம் உள்ளடக்கத்தை மறைத்தாலும் அளவை மறைக்காது. எனவே மாத அளவு முடிந்ததும் வேகம் குறையும் டேட்டா திட்டத்தில் இவை எவையும் உதவா. இலங்கையில் இரவுக்கெனத் தனி அளவு ஒதுக்கிய டேட்டா திட்டங்கள் வந்தபின், பெரிய கோப்புகளை நள்ளிரவுக்குப் பின் இறக்கிப் பென்டிரைவில் கைமாற்றுவதே எளிய வழியாயிற்று. ஒருமுறை இறக்கிப் பலர் பகிர்வது என்ற கொத்மலை முறைதான் இதுவும்.

கொத்மலைத் திட்டத்தின் பெருங்குறை மொழி. நிலையத்தின் முதன்மை மொழி சிங்களம்; அன்றைய இணையமோ பெரும்பாலும் ஆங்கிலம். சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களின் லயங்கள் என்னும் வரிசை வீடுகளில் வாழும் தமிழர்களுக்கு இந்த இரண்டு படிகளும் உயரமானவை. அகலமான இணைப்பு தந்திருந்தாலும் அக்குறை தீர்ந்திருக்காது. தமிழில் எடுத்துச் சொல்ல ஆளும் நேரமும் ஒதுக்குவது தேவைப்பட்டது. இக்குறையோடும்கூட, 2001இல் யுனெஸ்கோ தொடங்கிய சமூகப் பல்லூடக மையங்களுக்குக் கொத்மலையே முன்மாதிரியாக இருந்தது.