நாணமும் நோயும்: இல்லற இன்பக் குறைபாடு பற்றிய அறிவின் வரலாறு

வாழ்வினை அகம், புறம் எனப் பகுத்துக் கண்டவர் நம் முன்னோர். வள்ளுவர் இன்பத்துக்கென 25 அதிகாரங்களை வகுத்தார். அதிவீரராம பாண்டியர் பெயரால் கொக்கோகம் என்னும் இன்ப நூலும் தமிழில் வழங்கி வருகிறது. இத்தகைய மரபில் வந்த நாம், கணவன் மனைவியரின் கூடலில் நேரும் குறைபாட்டை மருத்துவரிடம் சொல்லவும் கூசுகிறோம். அம்மௌனத்தின் விலை பெரிது.

மௌனம் நிலவிய இடத்தில் போலி மருந்து விற்போர் புகுந்தனர். ஆண்மை தருவதாகக் கூறும் விளம்பரங்களைத் தடுக்க 1954இல் நடுவண் அரசு ஒரு சட்டமே இயற்ற நேர்ந்தது. விந்து கழிவதால் உடல் நலிகிறது என்று அஞ்சி வாடும் ஆடவர் நிலைக்கு, 1960இல் மனநல மருத்துவர் நரேந்திரநாத் விக் ‘தாது நோய்க்குறி’ எனப் பெயரிட்டார். அங்கே உடலை வாட்டுவது விந்திழப்பன்று, அச்சமே.

அமெரிக்க நாட்டில் மாஸ்டர்சும் ஜான்சனும் 1966இலும் 1970இலும் வெளியிட்ட நூல்கள் இத்துறைக்குப் புதுவழி காட்டின. இன்று மருத்துவர் இக்குறைபாடுகளை நால்வகையாக விளக்குவர். வேட்கை குன்றுதல் முதல்வகை. ஆணுக்கு விறைப்பின்மையும் பெண்ணுக்குக் கிளர்ச்சியின்மையும் இரண்டாவது. ஆணுக்கு விந்து முந்துதல் அல்லது பிந்துதல், பெண்ணுக்கு உச்ச இன்பம் எய்தாமை ஆகியன மூன்றாவது. கூடலின்போது வலி தோன்றுதல் நான்காவது. பிள்ளைப்பேறின்மை இவற்றின் வேறானது. இரண்டையும் ஒன்றெனக் கருதியதால் பழி சுமந்த மகளிர் பலர்.

காரணங்களோ பல. நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, புகை, மது, சில மருந்துகள், சுரப்பிக் கோளாறு ஆகியன உடல்வழிப்பட்டவை. மனச்சோர்வு, அச்சம், தம்பதியரிடைப் பிணக்கு ஆகியன உளவழிப்பட்டவை. பேற்றுக்குப் பின்னும் மாதவிடாய் நின்ற பின்னும் பெண்ணுடலில் நிகழும் மாற்றங்களும் காரணமாகலாம். குருதிக்குழாய் நோயின் முன்னறிவிப்பாகவும் விறைப்பின்மை தோன்றுவதுண்டு.

1997 வரை மைசூர் மாவட்டத்தில் இருந்த குண்டலுபேட்டை, உதகை வழியும் வயநாட்டு வழியும் பிரியும் ஊர். அங்கிருந்து மைசூர் செல்லும் சாலையில் அடுத்து வருவது நஞ்சன்கூடு வட்டம். அவ்வட்டத்தைச் சார்ந்த சுத்தூர்ச் சிற்றூரில் மனநல மருத்துவர் சத்தியநாராயண ராவும் அவர்தம் துணைவரும் மக்களிடையே ஆராய்ந்து, 2015இல் முடிவுகளை வெளியிட்டனர். ஆடவருள் நூற்றுக்கு ஏறத்தாழ 21 பேருக்கும், மகளிருள் ஏறத்தாழ 14 பேருக்கும் ஏதேனும் ஒரு குறைபாடு காணப்பட்டது. ஆடவரிடம் விறைப்பின்மையும் மகளிரிடம் வேட்கைக் குறைவும் மிகுந்திருந்தன. இது நகர நாகரிகம் தந்த நோய் என்பார் கூற்றை உழவர் வாழும் அச்சிற்றூரே மறுக்கிறது. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் புறநோயாளர் பிரிவுக்கு வந்த மணமான மகளிரிடையே நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்விலோ, பாதிக்கு மேற்பட்டோர் இக்குறை உடையவராயிருந்தனர்.

1998இல் வந்த மாத்திரை ஆடவர் பலருக்கு உதவியது. எனினும் நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து உண்போர்க்கு அது உயிருக்கே ஊறு செய்யும். மருத்துவர் சொல்லாமல் உண்ணலாகாது.

பிறந்த மண்ணையும் சுற்றத்தையும் பிரிந்து வாழும் நம் குடும்பங்களில், இத்துயரைக் காதோடு சொல்ல ஒரு பாட்டியோ அத்தையோ அருகில் இருப்பதில்லை. ஆதலின் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பழியாது, இருவருமாகவே மருத்துவரை நாடுதல் வேண்டும். நோய் நாடி, அதன் முதல் நாடுவது நாணத்துக்கு இழுக்கன்று, இல்லறத்துக்குக் காப்பாகும்.