மெழுகில் எழுதிய உறவு



நம் நாட்டு அரசு ஊழியர்கள் வியாழக்கிழமைகளில் பாத்தேக் அணிவது வழக்கம். அவ்வாறு நான் அணிந்து சென்ற ஒரு நாள், ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன், "ஐயா, இது மலாய்க்காரர் உடைதானே? நாம் ஏன் போடுகிறோம்?" என்று கேட்டான். மறுமொழியாக ஜாவாவில் வாழ்ந்த ஒருவரின் கதையைச் சொன்னேன். அதனை இங்கும் பதிவு செய்கிறேன்.

அவர் பெயர் கோ திக் ஸ்வான். 1931இல், ஜாவாவின் அரண்மனை நகரமாகிய சோலோவில், சீன வம்சாவளிக் குடும்பமொன்றில் பிறந்தார். தாய்வழிப் பாட்டனார் பாத்தேக் பட்டறைகள் நடத்தியவர். அங்கே தொழிலாளர்களிடையே விளையாடி வளர்ந்த சிறுவன், ஜாவானியப் பாடல்களையும் கதைகளையும் கேட்டே பழகினான். அரச குடும்பத்து இளவரசர் ஒருவரின் இல்லத்தில் ஜாவானிய நடனமும் கற்றான். பின்னாளில் பொருளியல் படிக்க வேண்டும் என்பது பெற்றோரின் விருப்பம். அவரோ இந்தோனேசியப் பல்கலைக்கழகத்தில் ஜாவானிய இலக்கியத்தையே நாடினார்.

1950களில் அதிபர் சுகர்னோ முன்னிலையில் அவர் ஜாவானிய நடனம் ஆடினார். ஆடியவர் சீன இளைஞர் என்றும், பாத்தேக் குடும்பத்தவர் என்றும் அறிந்த சுகர்னோ, ஒரு வட்டாரத்துக்கு மட்டும் உரியதாக இல்லாமல் நாடு முழுமைக்கும் பொதுவான 'இந்தோனேசிய பாத்தேக்' ஒன்றை உருவாக்குமாறு அவரைக் கேட்டுக்கொண்டார்.

அக்காலத்தில் பாத்தேக் இரு வழிகளில் பிரிந்து கிடந்தது. சோலோ, யோக்யகர்த்தா அரண்மனை மரபு, சோகான் எனப்படும் பழுப்பு நிறமும் கருநீலமும் கொண்டு அடக்கமாக விளங்கியது. பெக்காலோங்கான், லாசெம் போன்ற வடகரைத் துறைமுகங்களின் துணிகளோ சிவப்பும் பச்சையுமாக ஒளிர்ந்தன. சீனத்துப் பீனிக்ஸ் பறவை, டச்சுக்காரர்களின் பூங்கொத்து, குசராத்துப் பட்டோலாவின் கட்டங்கள் ஆகியவை கப்பலேறி வந்து அவற்றில் குடியேறியிருந்தன. சோழமண்டலக் கரையின் பூவேலைத் துணிகளுக்கும் அவ்வணிகத்தில் பங்குண்டு.

கோ திக் ஸ்வான் சோலோவுக்குத் திரும்பினார். மன்னர் பாக்குபுவானா XIIஇன் அன்னையாரிடம் அரண்மனை வடிவங்களின் பொருளைக் கேட்டறிந்தார். அவ்வடிவங்களைக் கடற்கரையின் வண்ணங்களோடு இணைத்தார். சேவலும் மயிலும் கலந்த பறவைகள் எதிரெதிரே நிற்கும் 'சாவுங்காலிங்' அவருடைய புகழ்பெற்ற படைப்புகளுள் ஒன்று. உடுக்கும் துணி ஓவியமாயிற்று. அதில் இரண்டு மரபுகள் சேர்ந்திருந்தன.

அவர் வாழ்ந்த காலம் எளிதானதன்று என்பதையும் நினைக்க வேண்டும். 1967இல் சுகார்த்தோ அரசு, சீனச் சமயச் சடங்குகளையும் பண்பாட்டு விழாக்களையும் பொதுவில் நடத்துவதற்குக் கட்டுப்பாடு விதித்தது. 2000ஆம் ஆண்டில்தான் அது நீக்கப்பட்டது. அதே நாட்டில், சோலோ அரண்மனை இந்தச் சீனக் குடும்பத்துப் பிள்ளைக்கு ஹார்ஜோநகோரோ என்னும் பட்டப்பெயரை வழங்கிச் சிறப்பித்தது. 2008இல் அவர் மறைந்தார். மறு ஆண்டே இந்தோனேசிய பாத்தேக் யுனெஸ்கோவின் மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது.

ஜாவானியப் பண்பாட்டை அவர் பிறப்பால் பெறவில்லை. அருகிலிருந்து பார்த்து, கற்று, உழைத்துப் பெற்றார். அதற்காகத் தம் முன்னோரை அவர் மறைக்கவும் இல்லை. இன்றும் இரண்டு பெயர்களாலும் அறியப்படுகிறார். நாமும் பல இனங்களுக்கிடையே வாழ்பவர்கள். அண்டை வீட்டாரின் கலையைக் கற்பதால் நம் கலை குறைந்துவிடாது.

அந்த மாணவன் சற்று யோசித்தான். பிறகு, "அப்படியென்றால் பாத்தேக்கில் கோலம் போடலாமா, ஐயா?" என்றான். அடுத்த கலைக்கல்விப் பாடத்தில் போட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

மீண்டும் சந்திப்போம்.