ஒளி நுண்ணுயிரின் குலவரலாறு

கெடத் தொடங்கிய கடல்மீன் இருட்டில் நீலப்பச்சை நிறமாய் ஒளிர்வதைக் கடற்கரை மக்கள் நெடுங்காலமாக அறிவர். அவ்வொளி மீனுடையதன்று, அதன்மேல் பெருகும் நுண்ணுயிர்களுடையது. இத்தகைய நுண்ணுயிர்களுக்கென 1889-ஆம் ஆண்டில் ‘போட்டோபாக்டீரியம்’ என்னும் பேரினத்தை வகுத்தவர் ஹாலந்து நாட்டு அறிஞர் பெயரிங்க். அப்பொழுது அவர் டெல்ப்ட் நகரில், ஈஸ்ட்டும் சாராயமும் செய்யும் ஆலையொன்றின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றி வந்தார். ‘ஒளி நுண்ணுயிர்’ என்பதே அப்பெயரின் பொருள். இலக்கணம் பயிற்றும் நாம் இதனைக் காரணப் பெயர் என்று தயங்காது சொல்லிவிடுவோம்.

அக்காரணம் நிலைத்ததா என்பதே கேள்வி. ஒரே நிறச் சட்டை அணிந்த பிள்ளைகள் அனைவரும் ஒரு தாய் வயிற்றில் பிறந்தவராகிவிடுவரோ?

இப்பேரினத்தில் பெயரிங்க் சேர்த்த ஓர் இனத்துக்கு, ஒளிரும் கடல் நுண்ணுயிர்களை ஆராய்ந்த ஜெர்மானிய மருத்துவர் பிஷரின் பெயரை இட்டிருந்தார். 1896-இல் லேமன், நியூமன் என்போர் அதனை ‘விப்ரியோ’ பேரினத்துக்கு மாற்றினர். காலராக் கிருமி அடங்கிய பேரினம் அது! 1973-இல் ரைக்கெல்ட், பாமன் இருவரும் பழைய வீட்டுக்கே அதனைத் திருப்பி அனுப்பினர்; பின்னர் மீண்டும் விப்ரியோ; 2007-இல் ‘அலிவிப்ரியோ’ என்னும் புதிய பேரினம். அறிஞர்களைக் குறை சொல்வதற்கில்லை. நுண்ணோக்கியில் தெரிவது ஒரு சிறு கோல் அல்லது வளைகோல்; அதனைக் கொண்டு எவ்வளவுதான் குலம் கோத்திரம் கூற இயலும்? உயிரணுவில் உள்ள ரைபோசோமின் ஆர்.என்.ஏ. வரிசையை ஒப்பிட்டு உறவறியும் முறையைக் கார்ல் வூஸ் 1977-இல் நிலைநாட்டிய பின்னரே வழி தெளிந்தது.

தெளிந்தபோது வெளிப்பட்டதோ விந்தை. ரியூக்யூ அகழியில், 5,000 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் கிடைத்த நுண்ணுயிர் ஒன்று 1998-இல் போட்டோபாக்டீரியம் புரோபண்டம் எனப் பெயர் பெற்றது. உறவால் அது இப்பேரினமே, ஆனால் ஒளிர்வதில்லை. காரணப் பெயராய்ப் பிறந்தது, இவ்விடத்தில் வெறும் இடுகுறியாய் நின்றுவிட்டது.

இப்பேரினத்தில் தமிழர் ஊர் ஒன்றின் பெயரும் உண்டு. 1970-இல் ஹென்ட்ரி முதலிய மூவர் ஓரினத்துக்கு ‘மண்டபமென்சிஸ்’ என்று பெயரிட்டனர். இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையிலுள்ள மண்டபமே அது. காரல் மீனின் ஒளியுறுப்பில் வாழும் ‘லையோக்நாத்தி’ இனமும் இதுவும் ஒன்றே என்று கொண்டு, பின்வந்தோர் இப்பெயரை விலக்கினர். 2004-இல் ஆஸ்ட், டன்லப் இருவரும் ஒளியைத் தோற்றுவிக்கும் மரபணுத் தொகுதியையே எடுத்து ஒப்பிட்டனர். இரண்டும் வெவ்வேறு கிளைகள் எனத் தெரிந்தது. மண்டபக் கிளையில் உள்ள ஒரு மரபணு மற்றதில் இல்லை. பேரினத்துக்கு எல்லை வகுக்கப் போதாத ஒளி, இங்கே ஓரினத்துக்குள் இரு கிளைகளைப் பிரித்துக் காட்டப் போதியதாயிற்று. விலக்கப்பட்ட மண்டபத்தின் பெயரும் துணையினப் பெயராய் மீண்டும் ஏட்டில் ஏறியது.